சரவணைப் பிள்ளையும் சர்வகலாசாலையும்

தீவகத்துச் சரவணையிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வரும் ஒரு பிள்ளை, காலையில் வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி வழியாகப் பண்ணைப் பாலத்தைக் கடந்து பட்டணத்தில் இறங்கி, அங்கிருந்து வேறு பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்குச் சென்று விரிவுரையில் அமர்ந்துவிடுகிறது. ஆனால் சங்கக் கூட்டமும் நாடக ஒத்திகையும் விவாத அரங்கும் ஆரம்பமாகும் பின்னேரத்தில், தீவுக்குத் திரும்பும் பஸ்ஸைத் தவறவிடலாகாது என்ற ஒரே சிந்தையோடு வந்த வழியே திரும்பி ஓடுகிறது. வரவுப் பதிவேட்டில் அப்பிள்ளைக்கு ஒரு குறையும் இராது. எனினும் நான்காண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேறும்போது அதற்கும் அந்தக் கலாசாலைக்கும் உண்டாகியிருக்கும் சம்பந்தம் எத்தகையது என்று கேட்டால், மனம் கனக்கிறது.

மாணவர் படிப்பை இடைநடுவே கைவிடுவதற்கு அறிவுக்குறைவு மட்டுமன்றி, கலாசாலையின் சமூக வாழ்வோடு ஒட்டாமற் போவதும் காரணமாகலாம் என்று வின்சென்ட் ரின்ரோ என்ற அமெரிக்க அறிஞர் 1975இல் விரிவாக எழுதினார். நம்மவர் அதனை எழுத்தில் வடிக்காவிடினும், பிள்ளைகளைக் கலாசாலையோடு ஒட்டவைக்கும் வழியை அதற்கு முன்னரே செய்து காட்டியிருக்கின்றனர்.

1942இல் ஸ்தாபிக்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தில் போதனை ஆங்கிலத்திலேயே நடந்தது. கிராமத்துப் பிள்ளை தன் பேச்சையும் பழக்கத்தையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே பிரவேசிக்க வேண்டியிருந்தது. அக்காலத்தை ஒட்டியே பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலே நாடகங்களை எழுதினார். அவற்றை மாணவர் மேடையேற்றியபோது, ஊரில் ஆச்சியும் அப்புவும் பேசும் பாஷை, கனவான்கள் அமர்ந்திருந்த மண்டபத்தில் மரியாதையோடு ஒலித்தது.

அவரைத் தொடர்ந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் இன்னும் ஆழமாகச் சென்றார். 1960 அளவில் தாய்மொழி மூலம் கற்ற பிள்ளைகள் கிராமங்களிலிருந்து பேராதனையிலிருந்த அப்பல்கலைக்கழகத்துக்குத் திரளாக வரத்தொடங்கிய வேளையிலே, படித்தவர்கள் நாகரிகமற்றதென்று ஒதுக்கிவைத்திருந்த மட்டக்களப்பு நாட்டுக்கூத்தை அவர் கைக்கொண்டார். நாடகாசிரியர் சரச்சந்திர ‘மனமே’ என்ற சிங்கள நாடகத்தால் 1956இல் காட்டிய வழியும் அவர் கண்முன்னே இருந்தது. விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்படும் கூத்தைச் சுருக்கி, முன்னே மட்டும் சபை அமர்ந்திருக்கும் மேடைக்கு அமைத்து, கூத்துப் பழக்கும் கிராமத்து அண்ணாவியாரையே குருவாக வருவித்து மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என அவை மேடையேறின. பேராசிரியர் ஓரமாக நிற்க, ஏட்டுப்படிப்புக் குறைந்த அண்ணாவியார் மத்தளத்தை மடியில் வைத்துத் தாளக்கட்டைச் சொல்லிக்கொடுக்கின்ற அந்த ஒத்திகையை எண்ணிப்பாருங்கள்! ஊரில் காலிற் சதங்கை கட்டி ஆடியதை வெளியிற் சொல்லச் சங்கோசப்பட்டிருக்கக்கூடிய ஒரு மட்டக்களப்பு மாணவன், அங்கே பட்டணத்துச் சகமாணவனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பவனாக உயர்ந்துவிடுகிறான். இராவணேசனாக ஆடிய சி. மௌனகுரு பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராகி அக்கலையையே அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தார்.

1974இல் யாழ்ப்பாண வளாகம் பேராசிரியர் க. கைலாசபதியின் தலைமையில் உதயமாயிற்று. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தராக வந்தவர் அதே வித்தியானந்தனே. ஆதலால் இந்த மரபு நமக்கு அந்நியமன்று.

அந்த மரபின் இடத்தைப் பகிடிவதை பிடித்துக்கொள்ள நாம் விட்டுவிட்டோமே என்பதுதான் என் வேதனை. புதியவரை அவமானப்படுத்தினால் ஒற்றுமை பிறக்கும் என்று சீனியர்கள் சிலர் இன்றும் சாதிக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமென்று விதித்துவிட்டது. சட்டம் இல்லாவிடினும் அது குற்றமே. பயத்தினால் உண்டாகும் கூட்டத்துக்கு உறவென்று பெயர் சூட்டுவது பெரும் பொய்.

எங்கள் தீவுப் பிள்ளைகள் வெறுங்கையோடு வருவதில்லை. எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும், எந்தக் காற்றுக்கு வலை வீசலாகாது என்பதெல்லாம் அவர்கள் கேட்டுக்கேட்டு வளர்ந்த வித்தை. அதைப் புவியியல் விரிவுரையாளர் வகுப்பில் ஒருமுறை கேட்டால் போதும், கடைசி வாங்கில் ஒதுங்கியிருக்கும் பிள்ளை முன்னே வந்துவிடும். எங்கள் அயலூரான கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகள் தமிழாராய்ச்சியை உலகெங்கும் கொண்டுசென்றார். அத்தகையவர் இன்னும் எத்தனை பேர் அந்தப் பின்னேர பஸ்ஸில் மௌனமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறார்களோ!

பல்கலைக்கழகப் பெரியோர்களை ஒன்று வேண்டுகிறேன். வாரத்தில் ஒருநாள் நண்பகலில் இரண்டு மணி நேரம் எந்தப் பீடத்திலும் விரிவுரை வையாது, சங்கக் கூட்டங்களையும் ஒத்திகைகளையும் அப்பொழுதிலே நடத்துங்கள். கூத்தோ, கும்மியோ, கடற்பாட்டோ தெரிந்த முதலாண்டு மாணவர் யார் யாரென்று ஆரம்ப வாரத்திலேயே விசாரித்து, அவர்களை அழைத்து மேடையில் ஏற்றுங்கள்.