சூறைவிட்ட செல்வம்: கலாசாலைத் தமிழ்ப் பாடம் குறித்து ஒரு யோசனை

திண்டுக்கல் ஜில்லாவில் வத்தலக்குண்டுக்கு அருகேயுள்ள சேவுகம்பட்டியில், சோலைமலை அழகர் கோயிலில் ஆண்டுதோறும் தை மாதத்தில் ஒரு விசேஷமான வைபவம் நடைபெறுகிறது. வேண்டுதல் நிறைவேறிய ஜனங்கள் கூடை கூடையாக வாழைப்பழங்களைக் கொணர்ந்து சூறைவிடுகின்றனர். கூடியிருப்போர் அவற்றைப் பிரசாதமாக எடுத்துச் செல்கின்றனர். தமிழ்க் கல்வியும் இன்று இவ்வாறே சூறைவிடப்பட்டிருக்கிறது. எடுத்துச் செல்வார்தாம் குறைவு.

1998-ம் ஆண்டுப் பொங்கலன்று, ஸ்விட்ஜர்லாந்தில் வசித்த கல்யாணசுந்தரம் என்னும் விஞ்ஞானியின் முயற்சியால் 'மதுரைத் திட்டம்' தொடங்கிற்று. பல தேசங்களிலுள்ள தமிழர்கள் ஊதியம் கருதாது பழைய நூல்களைத் தட்டெழுதியும் பிழை திருத்தியும் இணையத்தில் ஏற்றினர். 2001-ல் தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கிய ஸ்தாபனம், இப்பொழுது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில், பாடங்களையும் அகராதிகளையும் உரையுடன் கூடிய இலக்கியங்களையும் இலவசமாகப் படிக்கத் தருகிறது. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் பெரும் பொருட்செலவில் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை இன்று கையிலுள்ள தொலைபேசியிலேயே புரட்டலாம். 2003-ல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியா வேறு இருக்கிறது.

இத்தனை இருந்தும் நிலைமை யாது? கலாசாலைகளில் பகுதி ஒன்று என்று பெயர் பெற்ற தமிழ்ப் பாடம், பல மாணவர்களுக்குப் பரீக்ஷையைத் தாண்டுவதற்குரிய ஒரு சடங்காகவே இருந்து வருகிறது. மூல நூலை ஒரு முறையேனும் திறவாமல், கடையில் வாங்கிய 'நோட்ஸ்' புஸ்தகத்தை நெட்டுருப் பண்ணித் தேறிவிடுகின்றனர். சேவுகம்பட்டியிலிருந்து பஸ் ஏறிக் கலாசாலை செல்லும் விவசாயியின் மகள், அந்தப் புஸ்தகத்துக்குப் பணமும் கொடுக்கிறாள், தமிழையும் இழக்கிறாள். அதே பாடல்கள் உரையுடன் விலையின்றிக் கிடைப்பதை அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டாமா?

ஆயினும் பொருள்களைக் குவித்தால் மட்டும் பாடம் ஆகிவிடாது. நூல் இருந்தாலும் நெய்தாலன்றோ துணி? பாடத்தை முடித்த மாணவன் எதைச் செய்யவல்லவனாக வேண்டும் என்பதை ஆசிரியர் முதலில் நிச்சயிக்க வேண்டும். பழம்பாடலைப் பதம் பிரித்துப் படிக்கவும், கலெக்டருக்குப் பிழையின்றி மனு எழுதவும், பத்திரிகைச் செய்தியைச் சுருக்கிக் கூறவும் அவன் வல்லவனாக வேண்டுமானால், அந்நோக்கத்துக்கேற்ற பகுதிகளைப் பொறுக்கியெடுத்து, அரும்பதவுரையும் பயிற்சி வினாக்களும் சேர்க்க வேண்டும். இணையத்திலுள்ள பாடத்தை நல்ல அச்சுப் பதிப்புடன் ஒப்பு நோக்குவதும் அவசியம். ஓர் எழுத்துப் பிழை ஒரு பாட்டையே கெடுத்துவிடும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. படிக்க இலவசம் என்பதும் படியெடுக்க இலவசம் என்பதும் ஒன்றல்ல. இந்நாட்டில் ஆசிரியரின் ஆயுள்காலமும் அவர் மறைந்து 60 ஆண்டுகளும் பதிப்புரிமை செல்லும். திருக்குறள் யாவருக்கும் பொது. ஆனால் அண்மையில் எழுதப்பட்ட உரை எழுதியவருக்கே உரியது. விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்தாளுவோர் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். தாம் ஆக்கியதையும் அதே நிபந்தனையில் பிறருக்கு வழங்க வேண்டும். பாரதியாரின் நூல்களைச் சர்க்கார் 1949-ல் வாங்கிப் பின்னர்ப் பொதுவுடைமை ஆக்கியது தமிழர் அறிந்ததே. அந்த வழியில் அரசுடைமையான நூல்கள் இன்று பல உள்ளன.

இந்தச் சீமையின் ஆசிரியர்கள் பாடம் தேடித் தூரதேசம் போக வேண்டியதில்லை. வத்தலக்குண்டில் 1872-ல் பிறந்து 1898-ல் இளமையிலேயே மறைந்த ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்', தமிழின் ஆரம்பகால நாவல்களில் தலைசிறந்தது. அதே ஊரில் 1884-ல் தோன்றிச் சிறைவாசத்தில் உடல் நலிந்து 1925-ல் மறைந்தவர் சுப்பிரமணிய சிவா. இவ்விருவர் எழுத்துக்களும் பதிப்புரிமைக் காலத்தைக் கடந்தவை. தன் ஊர்ப் பேச்சை நாவலிலே காணும் மாணவனுக்கு உரைநூல் வியாபாரியின் தயவு எதற்கு?

பாடத்திட்டத்தை நிர்ணயிப்பது பல்கலைக்கழகம், நாங்கள் என் செய்வோம் என்று ஆசிரியர்கள் கூறலாம். தன்னாட்சி பெற்ற கலாசாலைகளுக்கு இத்தடை இல்லை. மற்றையோரும், விதித்த பாடத்துக்கே இலவசத் துணைநூல் தயாரிப்பதை யார் தடுப்பார்? ஆனால் அவ்வேலைக்குப் பொழுது வேண்டும். ஏற்கெனவே வகுப்புச் சுமையால் வருந்தும் ஆசிரியரை, தர்மத்துக்கு உழையுங்கள் என்று ஏவுவது நியாயமன்று. நிர்வாகிகள் அவருடைய வகுப்பு நேரத்தைக் குறைத்து, இதனையும் உத்தியோகக் கடமையாக மதிக்க வேண்டும். தொலைபேசி வசதியற்ற மாணவருக்கென அச்சுப் பிரதிகளும் நூல்நிலையத்தில் வைத்தல் வேண்டும்.

திறந்த கல்வி வளங்கள் என்னும் பெயரை யுனெஸ்கோ 2002-ல் வழக்குக்குக் கொண்டுவந்தது. 2019-ல் அவற்றை ஆதரிக்குமாறு தேசங்களுக்குச் சிபாரிசும் செய்தது. வித்தையை விற்கலாகாது என்று பரம்பரையாகப் பேசிவந்த நாம் இவ்விஷயத்தில் பின்தங்குவது நகைப்புக்கிடமாகும். பொதுஜன ஊழியர்கள் தத்தம் ஊர்க் கலாசாலைக்குச் சென்று, தமிழ்ப் பாடநூல் எங்கிருந்து வருகிறது, மாணவர் அதற்கு என்ன விலை கொடுக்கின்றனர் என்று விசாரிப்பார்களாக. பழம் சூறைவிடப்பட்டுவிட்டது. குனிந்து எடுப்பதும், உரித்துக் குழந்தைகளின் கையில் கொடுப்பதும் நம் பொறுப்பு.