கணினி விளையாட்டுகளும் காப்புப் பூட்டும்

கோலார் தங்கவயலின் சுரங்கப் பொறிகள் 1902 முதல், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவசமுத்திரத்தின் மின்சாரத்தைக் கொண்டு இயங்கலாயின. அங்கே தடை நேர்ந்தால் இங்கே பொறி நிற்கும். இக்காலக் கணினி விளையாட்டுகள் சிலவற்றின் நிலையும் இத்தகையதே. நகலெடுப்பதைத் தடுக்கும் பொருட்டு, ஆடுவோரின் கணினி, நிறுவனத்தின் தலைமைக் கணினியுடன் இணையத்தின் வழியே இடையறாது தொடர்பு கொண்டிருக்குமாறு விளையாட்டு நிரலுக்குள்ளேயே ஒரு பூட்டு அமைக்கப்படுகிறது. தொடர்பு அறுந்தால் ஆட்டமும் நின்றுவிடும்.

பிரான்சு நாட்டின் யூபிசாப்ட் நிறுவனம் 2010-இல் இம்முறையைக் கையாண்டது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அதன் தலைமைக் கணினிகள் தாக்குதலுக்குள்ளாக, விலை கொடுத்து வாங்கியோர் பலர் ஆட இயலாமற் போயினர். திருட்டு நகலால் நிரல் ஆக்கியோர்க்கு இழப்பு நேர்வது உண்மையே. ஆயினும் திருடனுக்கென இட்ட பூட்டு வீட்டுக்காரனையன்றோ வெளியே நிறுத்திற்று! 2012-இல் அந்நிறுவனம் இடையறாத் தொடர்பு முறையைக் கைவிட்டதாகத் தெரிவித்தது.

நம் நாட்டில் 2012-இல் திருத்தப்பெற்ற பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்குடன் இத்தகைய பூட்டை உடைப்போர்க்கு ஈராண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க வகை செய்கிறது. ‘நோக்கு’ என்பதே இதில் கருதத்தக்க சொல். முறையாகப் பெற்ற நிரல் பழுதுபட்டால் உதவுமாறு நகலொன்று எடுத்து வைத்துக்கொள்ளவும் அச்சட்டம் இடந்தருகிறது. ஆனால் அதற்கான திறவுகோலை விற்பவர் அளித்தாக வேண்டுமென்று 65ஏ பிரிவு கூறவில்லை.