சிறு துளி, பெரு வெப்பம்

1960-களின் நடுவில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து முடித்த ஓர் இளைஞருக்கு செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. பெட்டிக்குள் நிரப்பும் வாயு ஏன் இவ்வளவு சீக்கிரம் கசிந்து போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் அவருக்குக் கொடுத்த பணி. தமிழ்நாட்டில் பிறந்த அந்த இளைஞர் வீரபத்ரன் ராமநாதன். பிறகு அவர் மேல்படிப்புக்காக அமெரிக்கா போனார். வளிமண்டல அறிவியலாளர் ஆனார். கசிந்த வாயு காற்றில் கலந்த பின் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு 1975-ல் ‘சயன்ஸ்’ இதழில் விடை சொன்னார்.

அந்த வாயுக்களின் குடும்பப் பெயர் குளோரோஃபுளூரோகார்பன். அதன் ஒரே ஒரு மூலக்கூறு, 10,000-க்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்கு ஈடாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பது ராமநாதனின் கணக்கு. கார்பன் டை ஆக்சைடு மட்டுமே பூமியைச் சூடாக்குகிறது என்று எண்ணியிருந்தவர்களை அது நிமிர்ந்து உட்கார வைத்தது.

காற்றில் இத்தனை சொற்பமாக இருக்கும் வாயுக்கள், இவ்வளவு பெரிய பூமியை எப்படிச் சூடாக்கும்? புவி வெப்பமாதலைப் பற்றி மாணவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாக விளங்கிவிடும்.

வெப்பம் எங்கே சிக்குகிறது?

உலர்ந்த காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்ஸிஜன். மிச்சத்தில் பெரும்பகுதி ஆர்கான். கார்பன் டை ஆக்சைடின் பங்கு 0.04 சதவீதத்தைச் சற்றே தாண்டும். 10,000 மூலக்கூறுகளை எண்ணினால், அவற்றில் நான்குதான் அதற்குச் சொந்தம்.

சூரிய ஒளி காற்றை ஊடுருவி வந்து தரையையும் கடலையும் சூடாக்குகிறது. சூடான பூமி அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வெளியே விடுகிறது. இந்தக் கதிர்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மொட்டைமாடிச் சுவருக்குப் பக்கத்தில், தொடாமலே கையைக் கொண்டுபோனால் உள்ளங்கையில் உணரலாம்.

நைட்ரஜன் மூலக்கூறிலும் ஆக்ஸிஜன் மூலக்கூறிலும் ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள்தான் உண்டு. அகச்சிவப்புக் கதிர்கள் அவற்றைத் தாண்டிப் போய்விடும். கார்பன் டை ஆக்சைடில் மூன்று அணுக்கள். கதிர் பட்டதும் அவை வளைந்து நெளிந்து அதிர்கின்றன. அப்படி உள்வாங்கிய ஆற்றலை நாலாபுறமும் விடுகின்றன. அதில் ஒரு பகுதி மீண்டும் தரைக்கே வந்து சேர்கிறது. நீராவி, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, குளோரோஃபுளூரோகார்பன் ஆகியவையும் இப்படிச் செய்கின்றன. இவற்றுக்குப் பசுங்குடில் வாயுக்கள் என்று பெயர்.

வெள்ளைத் துணி அலசும் வாளியில் நாலைந்து சொட்டு நீலம் விட்டால் போதும், வாளித் தண்ணீர் முழுவதும் நிறம் மாறிவிடும். அங்கே ஒளியை உறிஞ்சுவது தண்ணீர் அல்ல, அந்தச் சில சொட்டுகள்தான். காற்றிலும் இதே கதைதான். 10,000-ல் நான்கு என்ற விகிதத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தரைக்கும் விண்வெளிக்கும் நடுவே கதிர்களை மறிக்க எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்த வாயுக்கள் நமக்குப் பகை அல்ல. இவை அறவே இல்லாமல் போனால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸாக இருக்கும். அது இப்போது சுமார் 15 டிகிரியாக இருப்பதால்தான் நாம் உயிர் வாழ்கிறோம். அளவு மீறுவதுதான் ஆபத்து.

வெயிலில் வைத்த கண்ணாடி உருளைகள்

கார்பன் டை ஆக்சைடு வெயிலில் கூடுதலாகச் சூடேறுவதைச் சோதனையில் முதலில் காட்டியவர் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி. கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி, உள்ளே வெப்பமானிகளைப் பொருத்தி, வெயிலில் வைத்தார். சாதாரணக் காற்று இருந்த உருளை சுமார் 41 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியது. கார்பன் டை ஆக்சைடு இருந்த உருளை 52 டிகிரியைத் தொட்டது. நிழலுக்குக் கொண்டுவந்த பிறகும் அது ஆறுவதற்கு வெகுநேரம் பிடித்தது. காற்றில் இந்த வாயு கூடினால் பூமியின் வெப்பமும் கூடும் என்று 1856-லேயே அவர் எழுதிவிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, ஜான் டிண்டால் இந்த வாயுக்கள் அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சுவதைக் கருவி கொண்டு அளந்தார். 1896-ல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வாந்தே அரீனியஸ், கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கானால் வெப்பநிலை எவ்வளவு ஏறும் என்று கையாலேயே கணக்குப் போட்டார்.

ஒரு லிட்டர் பெட்ரோல், இரண்டு கிலோ வாயு

கூடுதல் வாயு எங்கிருந்து வருகிறது? ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஆனால், அதை எரித்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். முக்கால் கிலோ எப்படி இரண்டேகால் கிலோவுக்கு மேல் ஆகிறது? பெட்ரோலில் இருக்கும் ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்ஸிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. எடையில் பெரும்பங்கு காற்றிலிருந்து வந்த ஆக்ஸிஜன்தான்.

அனல்மின் நிலையங்களில் எரியும் நிலக்கரி, நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, லாரி டீசல், சிமென்ட் ஆலை எல்லாவற்றுக்கும் இப்படிக் கணக்கு உண்டு. புதைபடிவ எரிபொருள்களை எரிப்பதால் மட்டும் உலகம் இன்று ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. அதில் ஏறக்குறையப் பாதியைக் காடுகளும் கடலும் உறிஞ்சிக்கொள்கின்றன. மீதி காற்றிலேயே தங்கிவிடுகிறது.

இதை நாள்தோறும் அளக்க ஆரம்பித்தவர் சார்லஸ் டேவிட் கீலிங். 1958 மார்ச்சில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் அவர் கருவி வைத்தபோது, பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு 313 என்று காட்டியது. தொழிற்புரட்சிக்கு முன்னால் அது 280. 2024-ல் ஆண்டுச் சராசரி 424-ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிகாவின் ஆழமான பனிக்குள் சிறைப்பட்ட பழங்காலக் காற்றுக் குமிழிகளை ஆராய்ந்து பார்த்தார்கள். கடந்த 8 லட்சம் ஆண்டுகளில், தொழிற்புரட்சிக்கு முன்பு ஒருமுறைகூட இந்த எண் 300-ஐத் தெளிவாகக் கடந்ததில்லை.

இந்த வாயு எரிமலையிலிருந்து வந்திருக்கக் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். விடை அணுக்களிலேயே இருக்கிறது. உயிருள்ள செடிகொடிகளில் கார்பன்-14 என்ற கதிரியக்க அணு சிறிதளவு உண்டு. அது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். பல கோடி ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது துளியும் மிஞ்சாது. புதைபடிவக் கார்பன் காற்றில் கலக்கக் கலக்க, காற்றில் கார்பன்-14-இன் விகிதம் நீர்த்துப்போவதை ஹான்ஸ் சூஸ் 1950-களில் கண்டறிந்தார். எரிமலை வாயுவிலும் கார்பன்-14 கிடையாதுதான். ஆனால், காற்றில் ஆக்ஸிஜனும் மெல்லக் குறைந்துவருவதை கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் அளந்து காட்டினார். ஏதோ எரிகிறது என்பதற்கு அது நேரடிச் சாட்சி. உலகிலுள்ள எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு, மனிதர்கள் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

மற்ற வாயுக்களையும் மறக்கக் கூடாது. மாடுகளின் இரைப்பை, தண்ணீர் தேங்கிய நெல்வயல், குப்பைக் கிடங்கு, எரிவாயுக் கசிவு ஆகியவற்றிலிருந்து மீத்தேன் வருகிறது. வயலில் யூரியா போன்ற உரங்களை அதிகமாகக் கொட்டினால் நைட்ரஸ் ஆக்சைடு வருகிறது. மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே இருக்கும். ஆனால், இருக்கும்வரை பலமாகச் சூடேற்றும். கார்பன் டை ஆக்சைடு அப்படியல்ல. இன்று வெளியேறுவதில் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் காற்றில் இருக்கும்.

கடல் வாங்கிக்கொண்ட சூடு

இப்படிச் சேர்ந்த கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள் போயிருக்கிறது. சூடான நீர் விரிவடையும். அதோடு கிரீன்லாந்திலும் மலைகளிலும் உருகும் பனியும் வந்து சேர்கிறது. 1901-க்குப் பிறகு உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஏற்கெனவே கடலில் மிதக்கும் பனி உருகினால் மட்டம் உயர்வதில்லை. டம்ளர் தண்ணீரில் பனிக்கட்டியைப் போட்டு நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால், பெய்யும்போது கொட்டித் தீர்க்கிற மழைக்கு வாய்ப்பு கூடுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததை நாம் பார்த்தோம். ஒரு மழையை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்குப் புவி வெப்பமாதலே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், இதுபோன்ற மழைகளுக்குச் சூடான கடலும் ஈரம் மிகுந்த காற்றும் தீனி போடுகின்றன.

மன்னார் வளைகுடாவில் கடல் சூடாவதன் விளைவைக் கண்ணால் காணலாம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் இந்த இடங்களில்தான் மீன்கள் ஒதுங்கி வளர்கின்றன. பவளம் ஒரு சின்னஞ்சிறு விலங்கு. அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் சூரிய ஒளியில் உணவு தயாரித்து அதற்கு ஊட்டுகின்றன. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசிகள் தந்ததே. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட நீர் ஒரு டிகிரி கூடுதலாகச் சூடேறி, அப்படியே சில வாரங்கள் நீடித்தால், பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும். பிறகு சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரியும். இதுதான் பவள வெளிறல். சூடு சீக்கிரம் தணிந்தால் பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியில் சாகும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பெரிய வெளிறல்கள் நடந்தன. பார் அழிந்தால் மீன் குறையும். மீன் குறைந்தால் கரையில் அடுப்பு எரிவதும் கேள்விக்குறிதான்.

சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கு வேறொரு சிக்கல். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு கூடக்கூடப் பெண் குஞ்சுகள் பெருகும், ஆண் குஞ்சுகள் அருகும். மணல் அளவு மீறிச் சூடானால் முட்டைக்குள்ளேயே கரு செத்துவிடும்.

2024-ஆம் ஆண்டு உலகச் சராசரி வெப்பநிலை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. பதிவுகள் தொடங்கியதிலிருந்து அதுவே மிக வெப்பமான ஆண்டு.

ஓசோன் வேறு, வெப்பமாதல் வேறு

ஓசோன் ஓட்டை வழியாகச் சூடு உள்ளே வருவதால்தான் பூமி வெப்பமாகிறது என்று பல மாணவர்கள் தேர்வில் எழுதுகிறார்கள். அது தவறு. ஓசோன் படலம் தடுப்பது புற ஊதாக் கதிர்களை. பசுங்குடில் வாயுக்கள் பிடித்து வைப்பது பூமியிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிர்களை. இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள். இரண்டிலும் கைவைத்த பொதுக் குற்றவாளி குளோரோஃபுளூரோகார்பன்.

அந்தக் குற்றவாளியை உலகம் கட்டுப்படுத்தியது. 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் மெலிந்துபோன செய்தி வெளியானது. இரண்டே ஆண்டுகளில் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. உலக நாடுகள் அனைத்தும் அதில் சேர்ந்தன. ஓசோன் படலம் இப்போது மெல்லத் தேறிவருகிறது. ஓசோனைக் காக்கச் செய்த அந்த ஏற்பாடு, பூமி இன்னும் வேகமாகச் சூடாவதையும் தடுத்தது. பிறகு மாற்றாக வந்த ஹைட்ரோஃபுளூரோகார்பன்கள் ஓசோனைக் கெடுக்காவிட்டாலும் வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. அவற்றையும் படிப்படியாகக் குறைக்க 2016-ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் நாடுகள் ஒப்புக்கொண்டன.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஏ.சி. இருந்தால், அதன் வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள். ‘ஆர்-32’ என்று இருந்தால், அந்த வாயு ஒரு கிலோ கசிவது சுமார் 675 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவதற்குச் சமம். ஆண்டுதோறும் ‘கேஸ் போட வேண்டும்’ என்று மெக்கானிக் சொன்னால், எங்கே கசிகிறது என்று முதலில் பார்த்து அடைக்கச் சொல்லுங்கள். வீட்டு மின் கணக்கீட்டு அட்டையையும் எடுத்துப் பாருங்கள். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. இரண்டு மாத யூனிட்டுகளை 0.7-ஆல் பெருக்கினால் உங்கள் வீட்டின் கணக்கு கிலோவில் கிடைத்துவிடும்.

வீட்டுச் சிக்கனம் மட்டும் போதாது. நிலக்கரிக்குப் பதிலாகச் சூரியனும் காற்றும் மின்சாரம் தர வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகளும் கமுதியின் சூரிய மின் பூங்காவும் அது நம் ஊரிலேயே நடக்கிற காரியம் என்று காட்டுகின்றன. அதை விரைவுபடுத்தும் முடிவுகளை அரசுகள்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுக்க வைப்பது, கணக்குத் தெரிந்து கேள்வி கேட்கும் குடிமக்களின் வேலை. நாளைய குடிமக்கள் நீங்கள்தான்.

‘நம்மால் என்ன ஆகிவிடப் போகிறது, எல்லாம் சொற்ப அளவுதானே’ என்று யாராவது சொன்னால், 10,000-ல் நான்கு என்ற கணக்கை அவர்களுக்குச் சொல்லுங்கள். சொற்பமான வாயு பூமியைச் சூடாக்கும் என்றால், அந்தச் சொற்பத்தைக் குறைப்பதற்கும் அதே அளவு பலன் உண்டு. வெளியேறாமல் நாம் தடுக்கும் ஒவ்வொரு டன்னும் அடுத்த பல நூறு ஆண்டுகளுக்குக் காற்றில் இல்லாத ஒரு டன்.