மரம் வளைக்கும் நீராவிப் பெட்டி

மரத்தை நீராவியில் சூடேற்றி, இளகிய நிலையில் அச்சின் மேல் வளைத்து, அப்படியே உலரவிடுவது நீராவி வளைப்பு எனப்படும். மர இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருள், ஈரமும் ஏறக்குறைய 100 பாகை செல்சியசு வெப்பமும் சேர்ந்தால் இளகும், ஆறினால் இறுகும். மைக்கேல் தோனெட் 1859-இல் வெளியிட்ட 14-ஆம் எண் நாற்காலி இம்முறையில் செய்யப்பட்டது. இதற்கான கருவிகளை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

பெட்டி வேலை செய்யும் விதம் புட்டுக் குழலைப் போன்றதே: ஒரு பக்கம் நீராவி நுழைய வேண்டும், மறுபக்கம் வெளியேற வேண்டும். நீர் தாங்கும் பிளைவுட்டில் நீண்ட பெட்டி செய்து, குறுக்கே மூங்கில் குச்சிகளைச் செருகினால் மரம் தரையில் படாமல் நிற்கும். நீராவி எல்லாப் பக்கமும் சூழும். பெட்டியைச் சற்றுச் சாய்த்து வைத்து, தாழ்ந்த முனையில் நீர் வடியத் துளையிட வேண்டும். பி.வி.சி. குழாயைப் பெட்டியாக்குவோர் உண்டு. அது இச்சூட்டில் தொய்ந்துவிடும்.

கொதிகலனாகப் பழைய குக்கர் போதும். வெயிட்டை எடுத்துவிட்டு, அந்த முனையில் சூடு தாங்கும் சிலிக்கோன் குழாயைப் பொருத்தலாம். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் குழாய் கூடவே கூடாது. அது இளகி மடங்கினால் நீராவியின் வழி அடைபட்டு, குக்கருக்குள் அழுத்தம் ஏறும். பாதுகாப்பு வால்வை ஒருபோதும் அடைக்கக் கூடாது. பெட்டியின் கதவையும் இறுக்கி மூட வேண்டாம். பழந்துணி செருகினாலே போதும். இங்குத் தேவை சூடும் ஈரமும்தான், அழுத்தம் அன்று.

25 மி.மீ. தடிப்புக்கு ஒரு மணி நேரம் என்பது பட்டறைக் கணக்கு. நீரைச் சேரும் வெப்பம் ஒரு கிலோவாட் என்றால், அந்நேரத்தில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ஆவியாகும். குக்கர் வற்றாதிருக்க, இதைவிடக் கூடுதலாகவே நீர் ஊற்ற வேண்டும்.

உண்மையில் வேலையின் உயிர் உலோகப் பட்டையில் இருக்கிறது. இளகிய மரம் நன்றாகச் சுருங்கும். ஆனால் நீள்வது ஓரிரு விழுக்காடுதான். வளைவின் வெளிப்பக்கம் வெடிப்பது அதனால்தான். மெல்லிய எஃகுப் பட்டையை வெளிப்பக்கம் வைத்து, இரு முனைகளிலும் மரக்கட்டைகளைப் போல்ட்டால் முடுக்கி, அவற்றுக்கிடையே மரத்தை இறுகப் பொருத்தினால் அதனால் நீள முடியாது, உள்பக்கமே சுருங்கும். தோனெட்டின் வெற்றியும் இத்தகைய பட்டையால் வந்ததே. ஓக் போன்ற துவர்ப்புள்ள மரங்களில் சாதாரண இரும்பு கருங்கறை படியச் செய்யும். துருப்பிடிக்காத எஃகு நல்லது.

பெட்டியைத் திறக்கும்போது பக்கவாட்டில் நின்று, தோல் கையுறை அணிந்து எடுக்க வேண்டும். மரம் சில நொடிகளிலேயே விறைக்கத் தொடங்குவதால் அச்சும் கிளாம்ப்புகளும் முன்பே தயாராக இருக்க வேண்டும். கழற்றியதும் வளைவு சிறிது விரியும்; அதற்கேற்ப அச்சைக் கூடுதல் வளைவாகவே வெட்டுவார்கள்.