உஸ்ஸென்று கசியும் காற்று: ஐந்து காசைவிடச் சிறிய வளையம் சொல்லும் பாடம்

பெர்ஹெந்தியான் தீவுக்கு அருகே படகு நிற்கிறது. முக்குளிப்பு உடை போட்டாகிவிட்டது, இடுப்பில் எடை கட்டியாகிவிட்டது. சிலிண்டரின் வால்வைத் திறக்கிறீர்கள். "உஸ்ஸ்..." என்று மெல்லிய சத்தம். தண்ணீரைத் தெளித்துப் பார்த்தால், ரெகுலேட்டரும் வால்வும் சேரும் இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழிகள். மற்றவர்கள் குதிக்கத் தயாராகிவிட்டார்கள். விடுமுறையின் கடைசி நாள் வேறு. "சின்னக் கசிவுதானே, அப்படியே இறங்கிவிடலாமா?" என்று மனம் கேட்கிறது.

கூடாது. ஆனால், இந்தப் பழுதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். இரண்டுக்கும் காரணம் ஒரே பொருள்தான்: வால்வின் முகப்பில் பதிந்திருக்கும், ஐந்து காசு நாணயத்தைவிடச் சிறிய ரப்பர் வளையம். முக்குளிப்பவர்கள் இதை 'ஓ-ரிங்' என்பார்கள்.

அழுத்தமே அடைக்கிறது

நம் வீட்டு பிரஷர் குக்கர் மூடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறதல்லவா? அது தேய்ந்துபோனால் நீராவி ஓரமாகக் கசியும், விசில் வராது. ஓ-ரிங் செய்வதும் அதே வேலைதான். ஆனால், அது தாங்கும் அழுத்தம் மிகப் பெரியது.

சுமார் 11 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைக்கிறார்கள். வெளியே விட்டால் அது ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று. கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல் இது சுமார் 90 மடங்கு. அதை ஒரு மெல்லிய ரப்பர் வளையம் எப்படித் தடுக்கிறது?

வளையம் ஒரு பள்ளத்தில் லேசாக நசுங்கியபடி உட்கார்ந்திருக்கிறது. வால்வைத் திறந்ததும் உள்ளிருந்து வரும் காற்று, வளையத்தைப் பள்ளத்தின் வெளிச்சுவரை நோக்கித் தள்ளுகிறது. தள்ளத் தள்ள ரப்பர் இடைவெளியை இன்னும் இறுக்கமாக அடைக்கிறது. அதாவது, தப்பியோடப் பார்க்கும் காற்றே தன் வழியை அடைத்துக்கொள்கிறது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் இந்த வளையத்துக்கு 1939ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஜாக் கூஸ்தோவும் எமில் காக்னானும் பிரான்சில் 'அக்குவா லங்' சுவாசக் கருவியை உருவாக்கியது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1943இல்.

ரப்பர் மறந்துபோகும்போது

ஓ-ரிங்கின் உயிர்நாடி அதன் மீள்தன்மை. நசுங்கிய ரப்பர் மீண்டும் பழைய வடிவத்துக்கு வரத் துடிக்கும்வரைதான் அது அடைப்பான். அந்தத் தன்மை போய்விட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் 1986 ஜனவரி 28 அன்று பார்த்தது. கடுங்குளிரில் விறைத்துப்போன ஓ-ரிங் சரியாக அடைக்காததால் சேலஞ்சர் விண்வெளி ஓடம் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் உயிரிழந்தார்கள்.

நமக்குக் குளிர் பிரச்சினை இல்லை. நம் எதிரிகள் வெயில், உப்பு, மணல். கிழக்குக் கரையில் பருவமழைக் காலத்தில் முக்குளிப்பு ஓய்ந்துவிடும். மாதக்கணக்கில் ஒரே நிலையில் நசுங்கிக் கிடக்கும் வளையம் தட்டையாகிவிடும். வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் ரப்பரில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். நன்னீரில் கழுவாமல் விட்ட கருவியில் உப்புப் படிகங்கள் தங்கும். ஒரு மணல் துகளோ ஒரு தலைமுடியோ வளையத்தின் மேல் கிடந்தாலும் போதும், 200 பார் காற்று அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும்.

எப்படிச் சரிசெய்வது?

பலரும் முதலில் செய்யும் தவறு, கசிகிறதே என்று திருகை மேலும் முறுக்குவது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வளையத்தால் சூழப்பட்ட பரப்பு ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர். 200 பார் அழுத்தத்தில் அதன்மேல் விழும் விசை சுமார் 300 கிலோ எடைக்குச் சமம். அதை எதிர்த்து உங்கள் விரல்களால் எதுவும் செய்ய முடியாது. பழுது வளையத்தில் இருக்கிறது, முறுக்கில் இல்லை.

ஆகவே, முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள். வாயில் வைக்கும் பகுதியின் பொத்தானை அழுத்தி, குழாயில் மிச்சமுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். அழுத்தமானியின் முள் சுழியத்துக்கு வந்த பிறகே ரெகுலேட்டரைக் கழற்றுங்கள்.

பழைய வளையத்தைப் பிளாஸ்டிக் அல்லது பித்தளைக் குச்சியால் நெம்பி எடுங்கள். எஃகு ஊசி வேண்டாம். பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால், புது வளையம் போட்டாலும் அந்தக் கீறல் வழியே காற்று கசியும். பள்ளத்தைச் சுத்தமான துணியால் துடைத்து, அதே அளவும் அதே கடினத்தன்மையும் கொண்ட புது வளையத்தைப் பொருத்துங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் மென்மையான வளையம் உயர் அழுத்தத்தில் இடைவெளிக்குள் பிதுங்கிக் கிழிந்துவிடும். பிறகு ரெகுலேட்டரைக் கைவிரலால் இறுக்கி, வால்வை மெதுவாகத் திறந்து, தண்ணீர் தெளித்துப் பாருங்கள். குமிழி இல்லையென்றால் வேலை முடிந்தது.

எங்கே கை வைக்கக்கூடாது?

வாய்ப்பகுதியின் ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றிப் பட்டையால் கட்டலாம். கண்ணாடியின் பட்டையையும் துடுப்பின் பட்டையையும் நாமே மாற்றலாம். ஆனால், குமிழி ரெகுலேட்டரின் உடற்பகுதியிலிருந்தே வந்தால் அதைத் திறக்காதீர்கள். இன்னோர் அறிகுறியும் உண்டு. வால்வைத் திறந்து சில விநாடிகள் அமைதியாக இருந்து, பிறகு வாய்ப்பகுதி தானாகச் சீறத் தொடங்கினால், அழுத்தத்தைக் குறைக்கும் உள் இருக்கை தேய்ந்திருக்கக்கூடும். 200 பாரைச் சுமார் 10 பாராகக் குறைக்கும் இடம் அது. அளவுகருவியும் பயிற்சியும் உள்ள பழுதுபார்ப்பவர் கையில்தான் அதை ஒப்படைக்க வேண்டும்.

குமிழி சொல்லும் பொய்

சரி, மாற்று வளையம் இல்லை. சின்னக் கசிவோடு இறங்கினால் என்ன?

20 மீட்டர் ஆழத்தில் சுற்றியுள்ள அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு. அங்கே வெளியேறும் குமிழி, அதே அளவு காற்றைச் சுமந்திருந்தாலும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கித் தெரியும். கசிவு குறையவில்லை, குறைந்ததுபோல் கண்ணுக்குத் தோன்றுகிறது. அதே நேரத்தில் நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் மேற்பரப்பைவிட மூன்று மடங்கு காற்றைச் செலவழிக்கிறது. சேதமான வளையம் திடீரென்று முழுதாகப் பிதுங்கிவிட்டால் சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும். அங்கே வால்வை மூடிப் பழுதுபார்க்க வழியில்லை. மூடினால் நிற்பது உங்கள் மூச்சு. உடன் வந்தவரின் மாற்று வாய்ப்பகுதி ஒன்றே கதி.

படகில் ஐந்து நிமிட வேலையாக இருப்பது ஆழத்தில் உயிர்ப் பிரச்சினையாகிறது. ஆகவே, அடுத்த முறை தீவுக்குப் புறப்படும்போது சில வளையங்களையும் ஒரு பித்தளைக் குச்சியையும் சிறு டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கருவியைப் படகுத்துறையிலேயே ஒருமுறை திறந்து, காதைக் கொடுத்துக் கேளுங்கள். சத்தம் வந்து, மாற்று வளையமும் கிடைக்காவிட்டால், அன்று படகிலேயே உட்கார்ந்திருங்கள். கடலில் நாளைக்கும் இறங்கலாம்.