குடிக்கும் நண்பனுக்குப் பாட்டு மட்டும் போதுமா?

"மச்சான், ஒரு நாளைக்குக் குடித்தால் என்ன குறைந்துவிடும்?" கல்யாண வீட்டில் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஒலிபெருக்கியில் குடிகாரன் பாட்டு ஒலித்தால் கேட்கவே வேண்டாம். ஆட்டம் களை கட்டிவிடும்.

ஆனால் தமிழ்ப்படங்களில் குடியைக் கொண்டாடும் பாட்டு மட்டும் இல்லை. குடிப்பவனைத் தட்டிக் கேட்கும் பாட்டும் உண்டு.

மனச்சாட்சி பாடியது

எம்.ஜி.ஆரின் 100-வது படம் "ஒளி விளக்கு". 1968-ம் ஆண்டு வெளிவந்தது. அதில் கதாநாயகன் குடிபோதையில் இருக்கிறான். அவனுடைய மனச்சாட்சியே பல எம்.ஜி.ஆர்.களாக வந்து, "நீ செய்வது சரியா?" என்ற பொருளில் கேள்வி மேல் கேள்வி கேட்கிறது. பாட்டை எழுதியவர் வாலி. பாடியவர் டி.எம்.சவுந்தரராஜன்.

1972-ல் வந்த "வசந்த மாளிகை"யில் சிவாஜி குடிக்கு அடிமையான பணக்கார வாலிபர். பாடல்கள் கண்ணதாசன். அங்கே அக்கறையோடு தடுப்பவர் வாணிஸ்ரீ.

சினிமாவில் இரண்டரை மணி நேரத்தில் மனிதன் திருந்திவிடலாம். வாழ்க்கையில் அப்படி நடப்பதில்லை.

ரெயிலில் தெரியும்

கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் மக்களுக்கு இது நன்றாகத் தெரியும். 3 கிலோ மீட்டருக்கும் அதிக ஆழத்தில், வெப்பத்தில் வெந்து உழைத்தவர்களின் ஊர் இது. உடல் வலி மறக்கக் குடித்தவர்கள் உண்டு. 2001-ம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. பிறகு, வேலை போன கவலையை மறக்கக் குடித்தவர்களும் உண்டு.

கர்நாடகத்தில் 2007-ம் ஆண்டு ஜூலை மாதம் சாராயம் தடை செய்யப்பட்டது. பாக்கெட் போனது, பாட்டில் இருக்கிறது.

இன்று ஏராளமானோர் விடியற்காலை ரெயிலில் பெங்களூர் சென்று இரவு திரும்புகிறார்கள். வீட்டில் மறைத்தாலும், தினமும் பக்கத்தில் உட்காரும் நண்பனிடம் மறைக்க முடியாது. காலையில் கை நடுங்குகிறதா? ஒரு வாய் குடித்ததும் நடுக்கம் நிற்கிறதா? அது வெறும் பழக்கம் அல்ல. உடல் மதுவுக்கு அடிமையாகிவிட்டதன் அடையாளம்.

சத்தியம் வாங்காதீர்கள்

இந்த இடத்தில்தான் நல்ல நண்பர்களும் தவறிவிடுகிறார்கள். "பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய், இன்றே நிறுத்து" என்கிறார்கள்.

பல ஆண்டு தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. இரண்டு, மூன்று நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், புத்தி தடுமாறலாம். உயிரே போகவும் கூடும். டாக்டரின் பார்வையில், மருந்தோடுதான் நிறுத்த வேண்டும்.

பெங்களூர் நிமான்ஸ் ஆஸ்பத்திரியில் இதற்கெனத் தனிப்பிரிவு இருக்கிறது. 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், மத்திய அரசின் போதை மீட்பு ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்.

1935-ல் அமெரிக்காவில் குடிக்கு அடிமையான இருவர், ஒரு டாக்டரும் ஒரு பங்கு வியாபாரியும், மனம் விட்டுப் பேசி ஒருவருக்கொருவர் துணையாக நின்று மீண்டார்கள். உலகம் எங்கும் பரவியுள்ள "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்" அமைப்பு அப்படிப் பிறந்ததுதான்.

எனவே நண்பனைத் திட்டாதீர்கள். அவன் குடித்திருக்கும்போது புத்தி சொல்லாதீர்கள். தெளிந்திருக்கும் நேரம் பார்த்து, "வா, நானும் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை அல்ல, டாக்டர் அறை வரை கூடச் செல்லுங்கள்.