மாமல்லபுரம்: உளி நின்ற இடங்கள்

சென்னையிலிருந்து விடிகாலையில் கிளம்பி, காஞ்சிபுரத்தையும் மாமல்லபுரத்தையும் ஒரே நாளில் காட்டிவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் கொண்டுவந்து விடும் சுற்றுலாப் பேருந்துகள் வெகு காலமாக ஓடுகின்றன. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது, தனியாரும் நடத்துகிறார்கள். வழித்தடம் பெரும்பாலும் ஒன்றுதான். காஞ்சிக் கோயில்களில் மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் முதலில் காஞ்சி. மாமல்லபுரத்துத் தொல்லியல் சின்னங்களுக்கு மதிய நடைசாத்தல் கிடையாது. அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே.

இந்த வசதிக்காகப் பயணிகள் வரலாற்றைப் பின்னிருந்து முன்னாகப் பார்க்கிறார்கள். காலையில் பார்க்கும் காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டியவன் ராஜசிம்மன் எனப்பட்ட பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மன்; 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மாலையில் பார்க்கும் ஐந்து ரதங்கள் அதற்கும் முந்தியவை, மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில் தொடங்கியவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவன் ஆண்டது 630 முதல் 668 வரை. மாமல்லபுரத்தில் உள்ள எல்லாமே ராஜசிம்மனின் ஆக்கம் என்று தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி வாதிட்டிருக்கிறார். அந்த விவாதம் முடிந்துவிடவில்லை. ஆனால் யார் செய்வித்தது என்பதில் எத்தனை கருத்து இருந்தாலும், எப்படிச் செய்தார்கள் என்பதற்கான சாட்சியம் பாறையிலேயே கிடக்கிறது. பேருந்துக்காரர் கொடுக்கும் சொற்ப நேரத்தில் அதைப் பார்த்துவிட முடியும். எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாடம் காஞ்சியிலேயே தொடங்கிவிடுகிறது. கைலாசநாதர் கோயிலின் அடித்தளம் கிரானைட். அதற்கு மேலே எழும் சுவர்களும் சிற்பங்களும் மணற்கல். மணல் துகள்கள் படிந்து, இடையில் ஊறிய கனிமங்களால் ஒட்டி இறுகியது மணற்கல். உளி பட்டால் துகள் துகளாகப் பிரிந்து கொடுக்கும். உளியைச் சாய்த்துப் பிடித்துச் சீவலாம், நகைநட்டுகளின் வேலைப்பாட்டைக்கூட நுணுக்கமாக எடுக்கலாம். காற்றுக்கும் மழைக்கும் அது அதே சுலபத்தோடு உதிரவும் செய்யும். கைலாசநாதர் கோயில் சிற்பங்கள் பலவற்றில் முகம் தேய்ந்தும், பிற்காலத்தில் பூசிய சுதை அங்கங்கே ஒட்டிக்கொண்டும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

மாமல்லபுரத்துப் பாறை வேறு சாதி. பொதுவாகக் கிரானைட் என்று சொல்கிறோம். பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. அதன் படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். எது எதைக் கீறும் என்பதை வைத்துக் கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில், இந்தப் பாறையில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. சாதாரண இரும்பு இவை இரண்டுக்கும் கீழே. நன்றாகத் தோய்ச்சல் ஏற்றிய எஃகு உளிதான் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி நிற்கும். ஆகவே இரும்பால் இந்தப் பாறையை வெட்ட முடியாது. நொறுக்கத்தான் முடியும். கூர்முனை உளியைப் பாறைமேல் ஏறக்குறையச் செங்குத்தாக நிறுத்தி அடித்தால், முனைக்கு அடியில் உள்ள படிகங்கள் பொடியாகி, சுற்றிலும் சிறு சில்லு தெறிக்கும். உளியை ஒரு விரற்கடை நகர்த்தி மறுபடி அடிக்க வேண்டும். நம் பாட்டிமார் காலத்தில் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வந்து அம்மி கொத்தியவர்கள் செய்ததும் இதே வேலைதான். அவர்கள் ஒரு சாண் கல்லில் செய்ததைப் பல்லவச் சிற்பிகள் ஒரு குன்றின்மேல் செய்தார்கள்.

உளி சீக்கிரம் மழுங்கிவிடும். மழுங்கியதைப் பழுக்கக் காய்ச்சி, நுனியை அடித்துக் கூராக்கி, தண்ணீரில் தோய்த்துத் திரும்பக் கொடுக்க ஆள் வேண்டும். தோய்ப்பதிலும் பக்குவம் இருக்கிறது. அதிகமாகத் தோய்த்தால் நுனி ஒடியும், குறைந்தால் மடங்கும். கல் வேலை நடந்த இடத்திலெல்லாம் பக்கத்தில் ஒரு கொல்லன் உலை எரிந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். சிற்பியைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம், அந்தக் கொல்லரை நினைப்பதே இல்லை. அவருடைய கை நின்றால் அன்று எல்லா உளியும் நின்றிருக்கும்.

மாமல்லனின் தந்தை மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு குடைவரைக் கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமே இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் செய்வித்த கோயில் இது என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அந்தப் பெருமிதத்திலிருந்து அதற்கு முந்திய கோயில்கள் எதனால் ஆனவை என்பது விளங்கும். அவையெல்லாம் மட்கிப் போயின. அவற்றின் தோற்றம் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது, மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில்.

ரதங்கள் தேர்கள் அல்ல. பாண்டவர்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பெயர்கள் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவை. வழிகாட்டி ஒருவர் பாரதக் கதையைச் சொல்லத் தொடங்கினால், கேட்டுக்கொண்டே கண்களைக் கூரைகளுக்கு உயர்த்துங்கள். திரௌபதி ரதத்தின் கூரை நாற்புறமும் சரியும் குடிசைக் கூரை. பீம ரதத்தின் கூரை நீண்ட வண்டிக்கூடு. தர்மராஜ ரதம் அடுக்கடுக்காகக் குறுகி எண்பட்டைச் சிகரத்தில் முடிகிறது. நகுல சகதேவ ரதத்தின் பின்புறம் வளைந்த தூங்கானை மாடம். பக்கத்திலேயே ஒரு முழு யானையையும் பாறையில் செதுக்கி வைத்திருக்கிறார்கள், இரண்டின் முதுகையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்காகவே வைத்ததுபோல. உத்தரம், கூரைச் சரிவு, மூங்கிலை வளைத்துச் செய்த சாளர முகப்பு எல்லாம் கல்லில் இருக்கின்றன. எடையைத் தாங்க வேண்டிய அவசியம் இவற்றில் எதற்கும் இல்லை. தச்சர்களின் கட்டடம் எப்படி இருந்ததென்று கல்தச்சர்கள் வைத்துவிட்டுப் போன சாட்சி இது.

நான்கு ரதங்கள் வடக்குத் தெற்காக ஒரே வரிசையில் நிற்கின்றன. வடகோடியில் திரௌபதி ரதம் எல்லாவற்றிலும் சிறியது. தெற்கே போகப் போக உயர்ந்து தர்மராஜ ரதத்தில் முடிகிறது. ஏன் இப்படி? தெற்கே உயர்ந்து வடக்கே சரிந்த ஒரே நீளப் பாறையைத் துண்டு போட்டுச் செதுக்கியதால். பாறை கொடுத்த உயரத்துக்குள்தான் ஒவ்வொரு கோயிலும் அடங்க வேண்டியிருந்தது. சிற்பியின் திட்டத்தை முதலில் வகுத்தது பாறையின் முதுகு.

இப்போது இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பீம ரதத்தின் முன் நின்று பார்வையை மேலிருந்து கீழே இறக்குங்கள். கூரை முடிந்திருக்கிறது. அதன் கீழே தூண்கள், பாதி உருவான சிங்கங்கள். இன்னும் கீழே வந்தால் அடிப்பகுதி செதுக்கப்படாத கரடு. தர்மராஜ ரதத்திலும் இதே கதை: மேல்தளங்களில் நேர்த்தியான தெய்வ உருவங்கள், கீழ்த்தளத்தின் உள்ளே வெறும் பாறை. வேலை மேலிருந்து கீழே வந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம்.

கட்டடம் கட்டுகிறவர் அடித்தளத்தில் தொடங்குவார். பாறையைக் குடைகிறவர் உச்சியில் தொடங்கினார். நிற்பதற்குச் சாரம் தேவையில்லை. இன்னும் செதுக்காத பாறையே நிற்கும் தளம். நொறுங்கிய கல் கீழே விழும், முடிந்த வேலைமேல் விழாது. முடித்த பகுதியில் மறுபடி யாரும் கால் வைக்கவும் வேண்டாம். ஆனால் உச்சியில் முதல் உளி படுவதற்கு முன்பே அடிவரை எல்லா அளவுகளும் ஸ்தபதியின் மனத்தில் முடிவாகியிருக்க வேண்டும். கட்டடத்தில் ஒரு கல் பழுதானால் வேறு கல் வைக்கலாம். இங்கே உடைந்த மூக்குக்கு மாற்றுக் கல் கிடையாது. இதை நினைத்துக்கொண்டு தர்மராஜ ரதத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் உடம்பு சிலிர்க்கிறது.

பெரும் பாறையை எப்படிக் குறைத்தார்கள் என்பதை முடிக்காமல் விட்ட குடைவரைகள் காட்டிக்கொடுக்கின்றன. பாறை முகத்தைச் சதுரங்களாகப் பிரித்து, கோடுகளின்மேல் உளியால் வாய்க்கால் போல ஆழமாக வெட்டிக்கொண்டே போனார்கள். வாய்க்கால்களுக்கு நடுவே சதுரம் சதுரமாகத் துருத்தி நிற்கும் கட்டிகளைப் பிறகு அடித்துப் பெயர்த்தார்கள். அடுத்த அடுக்குக்கு மறுபடி வாய்க்கால். முழுப் பாறையையும் பொடியாக்க வேண்டியதில்லை. கோடுகளை மட்டும் பொடியாக்கினால் போதும். உழைப்பு எவ்வளவோ மிச்சம். தூண்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் கல்லை விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்கள். முரட்டு வேலைக்கு ஒரு கூட்டம், பின்னால் நுணுக்க வேலைக்கு இன்னொரு கூட்டம் என்று கைகள் பிரிந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

பேருந்து எப்படியும் நிற்கும் அர்ச்சுனன் தபசுப் பாறைக்குப் பக்கத்திலேயே பஞ்சபாண்டவ மண்டபம் இருக்கிறது. பலரும் நிழலுக்காக அதில் ஒதுங்கிவிட்டுப் போகிறார்கள். உள்ளே போய் முடியாத சுவர்களைப் பாருங்கள், உளித்தடம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. தபசுப் பாறை சுமார் 27 மீட்டர் நீளம், 9 மீட்டர் உயரம். அதன் நடுவே உள்ள பிளவு இயற்கையானது. சிற்பிகள் அதை மறைக்கப் பார்க்கவில்லை. அதையே நீர் இறங்கும் வழியாக்கி நாகர்களை அதில் நீந்தவிட்டார்கள். தவம் செய்வது அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவர நின்ற பகீரதனா என்ற கேள்வி அந்தப் பிளவிலிருந்துதான் எழுகிறது. பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானையும், எலிகளுக்கு முன் தவக்கோலத்தில் நிற்கும் பூனையையும் குழந்தைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள். பிறகு கலங்கரை விளக்கம் இருக்கும் பக்கமாகப் போனால் இதே காட்சியை இன்னொரு பாறையில் செதுக்கத் தொடங்கிப் பாதியில் விட்டிருப்பதைப் பார்க்கலாம். அங்கே பேருந்துகள் நிற்பதில்லை. ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். முடிந்த பாறையையும் முடியாத பாறையையும் அடுத்தடுத்துப் பார்ப்பதற்கு ஈடான பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

கடற்கரைக் கோயிலில் கதை மாறுகிறது. இது குடைந்ததல்ல, வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது. காலையில் பார்த்த கைலாசநாதர் கோயிலை எழுப்பிய அதே ராஜசிம்மன்தான் இதையும் கட்டினான். அங்கே மணற்கல், இங்கே கடினக் கல். இருந்தும் சிற்பங்கள் மழுங்கியிருக்கின்றன. காரணம் உப்பு. கடல்காற்று கொண்டுவரும் உப்பு நீர் கல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்து, காயும்போது படிகமாகிப் பருக்கிறது. அந்த அழுத்தத்தில் மேற்பரப்பு பொருபொருவென்று உதிர்கிறது. தொல்லியல் துறை ஈரக் காகிதக் கூழைச் சுவரில் அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கிறது. அலைக்குத் தடுப்புக் கற்களும் காற்றுக்குச் சவுக்குத் தோப்பும் இருக்கின்றன. கடினமான பாறையிலும் உப்பு இவ்வளவு செய்யும் என்றால், மணற்கல்லில் இந்தக் கோயிலைக் கட்டியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று நினைக்கவே கவலையாக இருக்கிறது.

ஊருக்குள் வரும்போதே கேட்கும் ரீங்காரம் இன்றைய கல்பட்டறைகளுடையது. 1957இல் இங்கே அரசு சிற்பக் கல்லூரி தொடங்கியது. அதன் முதல்வராக இருந்த கணபதி ஸ்தபதிதான் குமரி முனையின் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையை உருவாக்கினார். 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று அது திறக்கப்பட்டது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பட்டறைகளில் இப்போது முரட்டு வேலையைச் செய்வது மின்சார கிரைண்டர். அதன் வட்டில் பதித்திருக்கும் வைரத் துகளுக்கு மோஸ் அளவில் 10. பல்லவ உளியால் முடியாத ஒன்றை, அதாவது கிரானைட்டை நிஜமாகவே வெட்டுவதை, அது செய்கிறது. இங்கும் முதலில் வரிசையாகக் கோடு போட்டு அறுத்து, நடுவில் நிற்கும் பத்தைகளைச் சுத்தியலால் தட்டிப் பெயர்ப்பதைப் பார்க்கலாம். பாறையில் வாய்க்கால் வெட்டிக் கட்டியைப் பெயர்த்த அதே முறை. கண், விரல் நகம், ஆடை மடிப்புக்கு வந்ததும் மறுபடியும் கை உளிதான்.

கிரைண்டர் கொண்டுவந்த கேடு ஒன்று உண்டு. கை உளி பெரும்பாலும் சில்லாகத் தெறிக்கவைக்கும். கிரைண்டர் கல்லை மாவாக்கிக் காற்றில் கலக்கிறது. அந்த மாவில் உள்ள குவார்ட்ஸ் தூள் நுரையீரலுக்குள் போய்த் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும். வந்தால் குணப்படுத்த மருந்தில்லை. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசு அடங்கும், சரியான முகக்கவசம் போட்டால் பெருமளவு தடுக்கலாம். முகத்தில் வெறும் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலை செய்யும் இளைஞர்களைச் சாலையோரத்திலேயே பார்க்கிறோம். துண்டு அந்தத் தூளை நிறுத்தாது. சிலைக்குப் பேரம் பேசும் நாம், தூசு அடக்கும் ஏற்பாட்டுக்கான செலவும் சேர்ந்ததுதான் நியாயமான விலை என்று ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நேரம் மிச்சமிருந்தால், அல்லது இன்னொரு முறை தனியாக வர முடிந்தால், ஊரின் மேற்குப் பக்கத்தில் உள்ள பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் விசாரித்துக்கொண்டு போங்கள். மூன்றும் சிறியவை, மூன்றுமே முடியாதவை. விமானத்தின் மேல்பகுதி உருவாகி, கீழ்ப்பகுதி பாறையாகவே நிற்கும். கூட்டம் இருக்காது.